நாற்பத்தொன்பது கோதுகள்

வெள்ளவத்தையில் இருக்கிற ஒரு தமிழ்ப் பெண் சனிக்கிழமைகளில் எங்கே போவாள் என்று கேட்டால், கோயில், சந்தை, சொந்தக்காரரின் கலியாண வீடு என்று எங்கள் மாடிக் கட்டடத்தில் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் துப்பாக்கிக் கோது வெட்டப் போகிறேன். இதை முதன்முதலில் லிப்டுக்குள் வைத்து நாலாம் மாடி அன்ரியிடம் சொன்னபோது, அவர் தன்னுடைய மாடியில் இறங்க மறந்து என்னோடு ஆறாம் மாடிவரை வந்துவிட்டார்.

சுட்டபின் துப்பாக்கியிலிருந்து வெளியே விழுகிற பித்தளைக் கூட்டைத்தான் கோது என்கிறேன். சன்னம் பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், கோது மட்டும் மிஞ்சும். அதைக் கழுவி, விரிந்த உடம்பைப் பழைய அளவுக்கு அழுத்தி, நீண்டுபோன வாயை வெட்டிச் சரிசெய்தால் இன்னும் பல தடவை பாவிக்கலாம். நாட்டில் டொலர் இல்லாமல் இறக்குமதி எல்லாம் நின்றுபோன காலத்தில், வத்தளைக்கு அப்பால் இருக்கிற எங்கள் சுடும் சங்கத்துக்கும் புதிய ரவைகள் வருவது நின்றுபோனது. சங்கம் அனுமதி எடுத்துப் பழைய கோதுகளைத் திருத்தத் தொடங்கியது. அப்போதுதான் அவர்களுக்கு அளக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது.

அளக்க எனக்குத் தெரியும். நான் பல் கட்டுகிறவள். வைத்தியர்கள் அச்செடுத்து அனுப்ப, அதைப் பார்த்துப் பல்லும் பல் மூடியும் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு மயிரிழை கூடினாலும் சாப்பிடுகிறவருக்குத் தாடை நோகும், அடுத்த நாள் காலையில் வைத்தியர் போனில் நிற்பார். அப்படி எனக்கு அடிக்கடி போனில் நிற்கிற பல் வைத்தியர் ஒருவர் அந்தச் சங்கத்தில் உறுப்பினர். "உம்மட கை அங்க தேவை, வந்து பாரும்" என்று அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மற்றவர்களுக்கு மூன்று வாரத்தில் வருகிற பொலிஸ் நற்சான்று எனக்கு வர ஏழு மாதம் எடுத்தது. ஏழு மாதமும் விடாமல் போய்க் கேட்டேன். அந்தக் கந்தோரில் காத்திருக்கிற வாங்கில் எந்தப் பலகை ஆடும் என்பதுகூட எனக்குப் பாடம்.

சுடுவதில் எனக்குப் பெரிய விருப்பமில்லை. சத்தம் தலைக்குள் ஏறும், தோள் நோகும். எனக்குப் பிடித்தது பித்தளை. அது ஏன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அங்கே காரணம் தெரியும்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருந்தோம். சண்டைக் காலம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் வடிகால் கானோரத்தில், மினுங்கிக்கொண்டு ஒரு பித்தளைக் கோது கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். என் குட்டைப் பென்சில் அதன் வாய்க்குள் செருகிக்கொண்டு இறுக்கமாக நின்றது. எழுத முடியாமல் தேய்ந்துபோன பென்சிலுக்கு அருமையான பிடி. இரண்டு கிழமை அதை வைத்துத்தான் வீட்டுக் கணக்குச் செய்தேன். வகுப்பில் எல்லோரும் ஆசையாகக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு காலை வீட்டைச் சோதிக்க வந்தார்கள். பென்சில் பெட்டியைக் கொட்டினார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள். அது என்னுடையது, நான் பொறுக்கியது என்று நான் சொல்லச் சொல்ல, ஒரு பொலிஸ்காரர் என் கன்னத்தைத் தட்டி, "ஹரி, ஹரி" என்று சிரித்தார். சிங்களத்தில் சரி சரி என்று அர்த்தம். நான் சொன்னதை அவர் நம்பியிருக்கவும் கூடும். நம்பினாலும் அப்பா ஜீப்பில்தான் ஏறினார்.

அப்பா திரும்பி வந்தார். அடித்தார்களா என்று அம்மா கேட்டதற்கு இல்லை என்றார். அதற்குப் பிறகு அவரிடம் ஒரு பழக்கம் வந்தது. எந்தச் சோதனைச் சாவடியிலும், எந்தக் கடை வாசலிலும், யாரும் கேட்க முன்னமே பையைத் திறந்து நீட்டிக்கொண்டு நிற்பார். சண்டை முடிந்து, சாவடிகளை எல்லாம் எடுத்த பிறகும், கொள்ளுப்பிட்டியில் ஒரு புடவைக் கடைக் காவலாளிக்கு முன்னால் சாப்பாட்டுப் பையைத் திறந்துகொண்டு நின்றார். அந்த மனுசன் என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு வந்த கோபம் காவலாளியில் இல்லை. அப்பாவில். அந்தக் கோபத்துக்கு நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன், ஆனால் அது இருந்தது. அப்பா போய் ஆறு வருடமாகிறது.

ஆகவே நான் சங்கத்தில் சேர்ந்தபோது அம்மா என்னோடு ஒன்பது நாள் கதைக்கவில்லை. பத்தாம் நாள் ஒரு சட்டம் போட்டார். சனிக்கிழமை பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தால், செருப்புக் கழற்றுகிற இடத்திலேயே நின்று, பையையும் பொக்கற்றையும் உதறிக் காட்ட வேண்டும். அம்மா சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒன்றொன்றாகப் பார்ப்பார். என் சட்டை மடிப்பில் பித்தளைத் தூள் ஒட்டியிருந்தால், ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியைக் குழாயடியில் மூன்று தரம் அலசுவார். நாற்பத்தாறு வயதில் நான் வாசலில் நின்று உதறிக்கொண்டிருப்பேன். அம்மாவுக்காக என்றால் உதறலாம். வேறு யாருக்கும் மாட்டேன் என்று எனக்குள் ஒரு முடிவு இருந்தது.

இனி வேலையைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

சுடுகிற சூட்டில் பித்தளை முன்பக்கமாக ஓடும். ஒவ்வொரு முறை சுடும்போதும், அழுத்தும்போதும் கோதின் கழுத்து கொஞ்சம் நீளும். நீண்டதை வெட்டாமல் விட்டால், அதன் வாய் துப்பாக்கிக்குள் முட்டிச் சன்னத்தை இறுக்கிப் பிடிக்கும், அமுக்கம் ஏறும், சுடுகிறவருக்கு ஆபத்து. எங்கள் கோதுகளை ஐம்பத்தொரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வெட்டுகிறோம். மேசையில் பூட்டிய கையளவு லேத்தில் கோதை வைத்து, பிடியைச் சுற்றினால், மெல்லிய பித்தளைச் சுருள் வரும். பிறகு வாயின் உள்ளும் புறமும் பிசிர் எடுக்க வேண்டும். பிசிர் எடுத்த வாயில் விரல் நுனியைச் சுற்றினால் ஒன்றும் தட்டுப்படக் கூடாது. அந்த நேரத்தில் எனக்கு வருகிற திருப்தியை, நல்ல பல் ஒன்று சரியாகப் பொருந்தும்போது வருகிற திருப்தியோடுதான் சொல்லலாம்.

வெட்டுவதற்கு முன் அழுத்த வேண்டும். அது அடுத்த மேசை வேலை. கோதின் மேல் கொஞ்சம் கிறீஸ் தடவி, உருக்கினால் செய்த டை என்கிற அச்சுக்குள் நெம்புகோலால் தள்ளி எடுத்தால், விரிந்த கோது பழைய அளவுக்கு வரும். அந்த மேசையில் இருந்தவர் எழுபது தாண்டிய ஒரு அங்கிள். கப்பலில் எஞ்சினியராக உலகம் சுற்றியவர். சிங்களக் கத்தோலிக்கர், ஆனால் கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவர். அதனால் அவருடைய தமிழ் என்னுடையதைவிடச் சரளம். என்னைத் துவ என்பார், சிங்களத்தில் மகள். மனைவி இறந்தபின் அவருக்குக் கிழமையில் சனிக்கிழமை என்ற ஒரு நாள்தான் இருந்தது. எனக்கும் சேர்த்துப் பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவருவார்.

எங்கள் முறை இது: ஐம்பது துளைகள் உள்ள மரப் பலகை, துளைக்கொரு கோது, பலகைக்கொரு அட்டை. அழுத்தியவர் ஐம்பது என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். வாங்குகிறவர் எண்ணிப் பார்த்து, ஐம்பது என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். ஒரு கோது குறைந்தாலும் சங்கம் பொலிசுக்கு எழுத வேண்டும். அனுமதிப் பத்திரத்தில் அப்படித்தான் நிபந்தனை.

அந்தச் சனிக்கிழமை அங்கிள் கோதுகளைப் பலகையில் கொண்டுவரவில்லை. ஐஸ்கிறீம் டப்பாவில் கொட்டிக்கொண்டு வந்தார்.

"பலகை கழுவி வெயில்ல வச்சிருக்கு, துவ. இதில அம்பதும் இருக்கு."

ஒரு கையில் டப்பா, மற்றக் கையில் எனக்குத் தேத்தண்ணி. நான் தேத்தண்ணியை வாங்கிக் குடித்துக்கொண்டே அட்டையில் ஐம்பது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். எண்ணவில்லை. இது என் பிழை, முழுக்க என் பிழை. வேறு யார் தந்திருந்தாலும் எண்ணியிருப்பேன். பல் வைத்தியர் தந்திருந்தால் இரண்டு தரம் எண்ணியிருப்பேன்.

வெட்ட முன் ஒவ்வொரு கோதின் நீளத்தையும் அளந்து என்னுடைய கொப்பியில் எழுதுவேன். யாரும் கேட்டதில்லை, என் தொழில் பழக்கம். பத்துப் பத்தாக வரிசை. அன்றைக்கும் எழுதினேன், வெட்டினேன், பிசிர் எடுத்தேன். எல்லாம் முடித்து, காய்ந்து வந்த பலகையில் அடுக்கினபோது கடைசித் துளை வெறுமையாக இருந்தது.

மேசைக்குக் கீழே பார்த்தேன். பித்தளைத் தூள் வாளியைக் கொட்டிக் கிளறினேன். அங்கிள் என்னவென்று கேட்டார், சொன்னேன். அவரும் இறங்கினார். நோகிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கையில் டோர்ச்சோடு, மேசைக்குக் கீழே தவழ்ந்து தவழ்ந்து என்னோடு அரை மணித்தியாலம் தேடினார். அந்தக் காட்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கிறேன்.

கிடைக்கவில்லை. நானே போய்ச் செயலாளரிடம் சொன்னேன். அவர் மரியாதையான மனிதர், எப்போதும் இஸ்திரி போட்ட சேர்ட். அட்டையை வாங்கிப் பார்த்தார். இரண்டு கையெழுத்து, இரண்டு ஐம்பது. பிறகு, மிக மெதுவாக, என்னைப் பார்க்காமல், என் கைப்பையைப் பார்த்தார். அறையில் அங்கிளோடு சேர்த்து இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அவர்களும் பையைப் பார்த்தார்கள்.

என் கை பையின் சிப்புக்குப் போனதை நான் உணர்ந்தேன். அப்பாவின் கை. கேட்க முன்னமே திறக்கிற கை. அந்தக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

செயலாளர் ஆங்கிலத்தில், இதைப் பெரிதாக்க வேண்டாம் என்றார். கோது பழுதாகிவிட்டது என்று ஏதாவது எழுதிச் சமாளிக்கலாமாம். ஆனால் உறுப்பினர்களுக்கு ஒரு சங்கடம் வந்துவிட்டதாம். அடுத்த சனிக்கிழமை நான் ஒரு விலகல் கடிதம் கொண்டுவந்தால் எல்லோருக்கும் நல்லதாம், முக்கியமாக எனக்கு. அந்த முக்கியமாக என்ற சொல்லை அவர் அன்பாகத்தான் சொன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வழியனுப்ப அங்கிள் வாசல்வரை வந்தார். தேத்தண்ணிப் பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றார்.

நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் பேலியகொடை தாண்டும்போது பல் வைத்தியர் எனக்குப் போன் எடுத்தார். செய்தி போய்விட்டது.

"பிரச்சினையைப் பெருப்பிக்காதையும். கடிதத்தைக் குடுத்திட்டு விடும். நான்தானே உம்மைக் கூட்டிக்கொண்டு போனனான், எனக்கும் ஒரு மரியாதை இருக்கு."

"குறைஞ்சது கோது, டொக்டர். நான் ஏன் குறைய வேணும்?"

"கதைக்க நல்லா இருக்கும். நாளைக்குப் பொலிஸ் உம்மட வீட்டுக் கதவைத் தட்டினா?"

"தட்டட்டும். திறந்து தேத்தண்ணி குடுக்கிறன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். முன் சீற்றில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தார்.

வீட்டு வாசலில் அம்மா கண்ணாடியோடு நின்றார். நான் உதறினேன். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் நடந்ததைச் சொன்னேன். அம்மா அப்படியே செருப்புப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டார்.

"விட்டிடு பிள்ளை. அந்த ஒரு கோதோட நாங்கள் பட்டது காணும்."

"நான் எடுக்கேல்லை அம்மா."

"அப்பரும்தான் எடுக்கேல்லை."

அதற்கு மேல் அம்மாவோடு என்ன வாதாடுவது. அப்பா எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். முப்பத்தேழு வருடமாக அந்த வசனம் எங்கள் வீட்டில் சொல்லப்படாமலே இருக்கிறது. அம்மா என்னை ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன், உண்மையாகவே. அன்புடையீர் என்று எழுதி நிறுத்தினேன். எனக்கு அவர்களில் அன்பு இருக்கவில்லை.

புதன்கிழமை ஆய்வுகூடத்தில் ஒரு பற்தொகுதி வேலை. அச்சுப் பெட்டிக்குள் சாந்து ஊற்ற முன் உள்ளே ஒரு பூச்சுப் பூச வேண்டும், அது இல்லாவிட்டால் சாந்து அச்சோடு ஒட்டிக்கொண்டு வராது. எனக்கு மனம் வேறெங்கோ நின்றதால் பூச மறந்துவிட்டேன். பெட்டி இறுகிப்போனது. தட்டினேன், நெம்பினேன், விளிம்பு உடைந்து கையோடு வந்ததே தவிர உள்ளிருப்பது அசையவில்லை. என்னையே திட்டிக்கொண்டு, அதை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, பக்கத்து அலுமாரியில் இருந்த மற்றப் பெட்டியை எடுத்தேன்.

எடுத்த கை அப்படியே நின்றது.

கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்பது அளவுகள். கடைசி வரிசையில் ஒன்பதுதான். அது எதையும் நிரூபிக்காது, என் கொப்பி, என் எழுத்து. ஆனால் அளவுகளைப் பார்த்தேன். ஒரே டையில் அழுத்திய கோதுகள் அண்ணன் தம்பிபோல ஒரே உயரத்தில்தான் வரும், மில்லிமீற்றரில் நூறில் ஒன்று இரண்டு முன்பின் இருக்கலாம். அன்றைய கோதுகள் இரண்டு குடும்பமாக இருந்தன. முப்பத்தெட்டு ஒரு நீளம். பதினொன்று இன்னொரு நீளம், தெளிவாகக் கூட. நடுவில் யாரும் இல்லை.

அப்படியென்றால் வேலைக்கு நடுவில் யாரோ டையை மாற்றியிருக்கிறார். நடுவில் டையை மாற்ற ஒரு காரணம்தான் உண்டு. கிறீஸ் தடவ மறந்த கோது உள்ளே இறுகி, இழுத்தபோது அடி விளிம்பு கிழிந்து, வெளியே வராமல் போயிருக்கும்.

எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ குமட்டல். அவர் டோர்ச் பிடித்துக்கொண்டு தவழ்ந்தது கண்ணுக்கு முன்னால் நின்றது.

சனிக்கிழமை போனேன். எல்லோரும் வந்திருந்தார்கள், பல் வைத்தியரும் வந்திருந்தார், கடிதத்தை வாங்கிக்கொண்டு என்னை மரியாதையாக அனுப்பிவைக்க. பையை மேசையின் நடுவில் வைத்தேன். சிப் பூட்டியபடி. செயலாளர் கடிதத்துக்குக் கை நீட்டினார்.

"கடிதம் இல்லை" என்றேன். "போன கிழமை நீங்கள் என்ர பையைப் பார்த்தீங்கள். திறந்து காட்டுறன். ஆனா கடைசியாத் திறப்பன். முதல்ல மற்ற எல்லாற்ற பையும்."

இதை மூன்று மொழியிலும் சொன்னேன், யாரும் விளங்கவில்லை என்று சொல்லக் கூடாது. பல் வைத்தியர் தமிழில், "என்ன கதை இது, விசரே உமக்கு?" என்றார்.

"உங்கடதிலயிருந்து தொடங்குவம், டொக்டர்."

நான் உட்கார்ந்தேன். எனக்கு அவசரமில்லை என்று காட்ட, கையில் தனியாக வைத்திருந்த கொப்பியை விரித்துப் படித்தேன். முப்பத்தெட்டு ஒரு நீளம், பதினொன்று இன்னொரு நீளம், இரண்டு டை பாவிக்கப்பட்டிருக்கிறது, டைப் பெட்டியையும் திறக்க வேண்டும் என்றேன். அளவுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். நாற்பத்தொன்பதையும். குரல் நடுங்கவில்லை, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

செயலாளர் முதலில் திறந்தார், அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சீப்பு, இரத்த அழுத்தக் குளிசை, மடித்த இன்னொரு சேர்ட். பல் வைத்தியரின் பையில் மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய பெரிய தொதல் இனிப்புப் பொதி. யாரும் சிரிக்கவில்லை, நான் மட்டும் கொஞ்சம். அடுத்தவர், அதற்கடுத்தவர். அவரவர் பையைத் திறக்கும்போது அவர்களின் முகங்களைப் பார்த்தேன். ஒன்றும் ஒளிக்காத ஆளுக்கும் காது சிவக்கிறது. இது எனக்கும் எங்கள் வீட்டுக்கும் எப்போதோ தெரிந்த விசயம். அவர்களுக்கு அன்றைக்குத்தான் பாடம்.

அங்கிளின் முறை வந்தது. அவர் தோல் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தார். பிறகு கைலேஞ்சியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கனமான சத்தம். நான் பிரித்தேன். டை. உள்ளே கோது, அடி விளிம்பு கிழிந்து, சுற்றி எல்லாம் சுத்தியல் காயம். கிழமை முழுக்க வீட்டில் வைத்து எடுக்கப் பார்த்திருக்கிறார்.

"கிறீஸ் போட மறந்திட்டன்" என்றார். ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார். பிறகு தமிழில் எனக்கு: "கை நடுங்குது, துவ. மறதியும் வருது. தெரிஞ்சா இந்த மேசையை விட்டு எழுப்பிப் போடுவினம் எண்டு பயந்திட்டன். எடுத்தவுடன கொண்டந்து வைக்கலாம் எண்டு நினைச்சன்."

"எனக்குக் கடிதம் கேட்ட நேரம் நீங்கள் பக்கத்தில நிண்டீங்கள், அங்கிள்."

"ஓம்."

"என்னோட தேடினீங்கள்."

அவருடைய கண் கலங்கியது. என்னுடையதும் கலங்கியது, ஆனால் நான் துடைக்கவும் இல்லை, போய் அவர் கையைப் பிடிக்கவும் இல்லை. அவருடைய பயம் எனக்கு விளங்கியது. அவர் இழக்கப் பயந்தது ஒரு மேசையை. என்னை வைத்து அவர் காப்பாற்றப் பார்த்ததும் அதே மேசையைத்தான்.

செயலாளர் தொண்டையைச் செருமி, வருந்துகிறோம் என்றார். அங்கிளைப் பற்றிக் கூட்டத்தில் முடிவெடுப்போம் என்றார். முடிவு எதுவானாலும் அவர் அந்த மேசையில் இருக்க வேண்டும், கிறீஸ் தடவியதைப் பார்த்துச் சரி சொல்ல பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும், என்று நான் சொன்னேன். பெருந்தன்மை என்று பல் வைத்தியர் பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பெருந்தன்மை ஒன்றுமில்லை. அங்கிள் போய்விட்டால் நான் யாருக்கு முன்னால் இருந்து வேலை செய்வது?

பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். யாரும் திறக்கச் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் அம்மா வழமைபோல நின்றார். முகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். என் பையைக் கடைசியாகத்தான் திறப்பேன் என்று காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"கடைசியாவோ திறந்தனி?"

"கடைசியாக்கூட இல்லை அம்மா. திறக்கவே இல்லை."

அம்மா என் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். பிறகு, "உன்ர அப்பர் இருந்திருக்க வேணும்" என்றார். அன்றைக்கு நான் உதறவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த பித்தளைத் தூளோடேயே குசினிக்குள் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். அங்கிளும் அந்த மேசையில்தான் இருக்கிறார். கோதுகள் பலகையில் வருகின்றன, டப்பாவில் இல்லை. தேத்தண்ணியும் வருகிறது, ஆனால் அதை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் எண்ணுவேன். ஒவ்வொரு கோதையும் துளையிலிருந்து தூக்கி, சத்தமாக, தமிழில். ஒண்டு, ரெண்டு, மூண்டு. அறையில் மற்றவர்கள் கதையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். முதல் மாதம் செயலாளர், மனதுக்குள் எண்ணலாமே என்றார். எண்ணலாம்தான். நான் எண்ணுவதில்லை.

அங்கிள் மேசைக்கு அந்தப் பக்கம், முடியும்வரை நின்றுகொண்டிருப்பார். கதிரையில் இருக்கச் சொல்லி நான் சொல்வதில்லை, அவரும் இருப்பதில்லை. நாற்பத்தொன்பது என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிற்பேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார். பிறகு கடைசிக் கோதைத் தூக்கி, ஐம்பது என்று சொல்லி, கையெழுத்து வைக்கிறேன்.